மேலே பாலம், கீழே பள்ளம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. காபியை வாயில் வைத்த நேரம் பார்த்து, மச்சினன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதைப் பாருங்க... சூப்பரா இருக்குல்ல?"

பார்த்தேன். ஏதோ ஒரு கதவணை. மதகுகள் வழியாக வெள்ளை வெளேரென்று தண்ணீர் கொட்டுகிறது. பின்னணியில் ஒரு குத்துப் பாட்டு. நுரைக்குப் பக்கத்தில் நாலு பையன்கள் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

"அடுத்த வாரம் நாங்க முக்கொம்பு போறோம் மாமா. ஆபீஸ் பசங்க ஆறு பேரு. இதே மாதிரி நுரைக்குள்ள நின்னு ஒரு வீடியோ எடுக்கணும்."

"ஆழம் எவ்வளவுன்னு தெரியுமாடா?"

"இடுப்பளவுதான் இருக்கும். அதோட, எனக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமே!"

கடைசியாகச் சொன்னானே, அந்த 'நல்லா நீச்சல் தெரியுமே', அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவனை ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்த அணையை எதுக்குக் கட்டினாங்க, தெரியுமா?"

"இது என்ன கேள்வி? தண்ணியைத் தேக்கத்தான்."

தப்பு! ஸ்ரீரங்கத்தில் பிறந்து, தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆபீஸ் போகிற பையன் சொல்கிற பதிலா இது? (நானும் முப்பது வயசு வரைக்கும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது.)

தண்ணீரைத் தேக்குவதற்கு மேட்டூர் இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்தது. 120 அடி, 93.47 டி.எம்.சி. அது பீரோ. முக்கொம்பு மேலணை அப்படியில்லை. அது தண்ணீரைப் பங்கு பிரிக்கிற அணை. பி.காம். பாஷையில் சொன்னால் மேட்டூர் சேவிங்ஸ் அக்கவுண்ட், முக்கொம்பு கேஷ் கவுன்ட்டர்!

கணக்கு இதுதான். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது காவிரி. நடுவில் தீவாக நம்ம ஸ்ரீரங்கம். இதில் கொள்ளிடம் தாழ்வான ஆறு, நேராகக் கடலுக்குப் போகிற ஆறு. தண்ணீருக்குப் பாரபட்சம் கிடையாது, பள்ளத்தைக் கண்டால் ஓடும். மாசம் முதல் தேதி சம்பளம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அதே மாதிரி.

1800-களின் ஆரம்பத்தில் நிலைமை மோசமாகிவிட்டது. காவிரியின் வாய் மண்மேடிட்டுப் போய், வருகிற தண்ணீரில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. தஞ்சாவூர் ஜில்லா வயல்கள் காய்ந்தன. அப்போது வந்தவர் ஆர்தர் காட்டன் என்ற இளம் என்ஜினீயர். 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஒரு சுவரை எழுப்பினார். ரொம்ப உயரமான சுவர் இல்லை. கொள்ளிடத்துக்கு ஒரு வாசற்படி வைத்தார், அவ்வளவுதான். 'முதலில் காவிரிக்கு வேண்டியது போகட்டும், மிச்சம் இருந்தால் நீ தாண்டிப் போ' என்று!

அந்த வாசற்படி கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. காவிரிக்கு இப்போது தண்ணீர் ஜாஸ்தி. ஆற்றின் அடியையும் கரையையும் அரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் 1840-களில் கொள்ளிடம் சுவரைக் கொஞ்சம் தணித்து, காவிரி வாயிலும் தரைமட்டத்துக்கு ஒரு சுவர் போட வேண்டியிருந்தது. டிபிட் பக்கம் கை வைத்தால் கிரெடிட் பக்கம் இடிக்கும் என்பது ஆற்றுக்கும் பொருந்துகிறது.

"அப்ப கல்லணை?" என்றான் மச்சினன். பரவாயில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அது தீவின் வால் பக்கம். அங்கே காவிரியும் கொள்ளிடமும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வரும். காவிரி மேட்டில், கொள்ளிடம் பள்ளத்தில். அந்த இடத்தில் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுக்கத்தான் கல்லணை. கரிகாலன் கட்டியது என்கிறோம். கிட்டத்தட்ட 1,080 அடி நீளம். வெறும் ஆற்று மணலின் மேல் கல்லைப் போட, அது அமிழ, அதன் மேல் இன்னொரு கல்லைப் போட, அதுவும் அமிழ... அமிழாமல் நிற்கிற வரை போட்டுக்கொண்டே போனார்கள் என்று சொல்வார்கள். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இதைப் பார்த்துத்தான் காட்டன் கற்றுக்கொண்டார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கு அவர் போனதெல்லாம் இதற்கப்புறம். நம்ம 'அணைக்கட்டு'தான் இங்கிலீஷ் அகராதியில் 'அனிகட்' என்று உட்கார்ந்திருக்கிறது. கரிகாலன் ராயல்டி கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் ஆறுகளின் குறுக்கே இதே மாதிரி குட்டை அணைகள் உண்டு. ஆனால் நோக்கம் வேறு. ஒஹையோ, மிசிசிப்பி நதிகளில் சரக்குப் படகுகள் தரை தட்டாமல் ஓட 9 அடி ஆழமாவது வேண்டும். அதற்காக ஆற்றைப் படிப்படியாகத் தடுத்து நிறுத்தி, படகு ஏறி இறங்கப் பக்கத்திலேயே பெட்டி மாதிரி 'லாக்' கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குப் படகு, நமக்கு நெல். ஆனால் படகுக்குக் கட்டினாலும் நெல்லுக்குக் கட்டினாலும், எல்லாக் குட்டை அணைகளுக்கும் பொதுவான ஒரு சமாசாரம் இருக்கிறது.

அது அணைக்கு மேலே இல்லை. கீழே, காலடியில் இருக்கிறது.

*

2018 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? அஞ்சு வருஷத்துக்குப் பிறகு மேட்டூர் நிரம்பிய வருஷம். முக்கொம்பில் விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. 'கன அடி' என்றால் நமக்கு ஒன்றும் உறைக்காது. நான் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 2 லட்சம் கன அடி என்பது சுமார் 5,660 டன். பஸ் ஒன்றுக்கு 10 டன் என்று வைத்தால், விநாடிக்கு 566 பஸ்! சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் திரும்பினாலே நாம் ஒதுங்கி நிற்கிறோம். ஒரு விநாடிக்கு 566 பஸ், ராத்திரி பகலாக, நாள் கணக்கில்!

அந்த வெள்ளத்தில் எங்க ஊர் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 1928-ல் கட்டிய இரும்புப் பாலம். நல்லவேளை, பக்கத்தில் புதுப் பாலம் வந்து, 2016-லேயே அதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்கப் போனோம். நானும் போனேன்.

ஆனால் அந்த வெள்ளம் முழுக்க முக்கொம்பு மேலணை அசையாமல் நின்றது. தண்ணீர் வடிய ஆரம்பித்தது. 'அப்பாடா' என்று எல்லோரும் மூச்சு விட்டோம். ஆகஸ்ட் 22-ம் தேதி புதன்கிழமை ராத்திரி, கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் மேலே இருந்த பாலத்தோடு சேர்ந்து படபடவென்று விழுந்தன. 6-ம் நம்பரிலிருந்து 14-ம் நம்பர் வரை. 182 வருஷம் நின்ற அணை. உயிர்ச்சேதம் இல்லை என்பது ரங்கநாதர் புண்ணியம்.

மணலை அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் குமுறினார்கள். அதெல்லாம் இல்லை, வயசான அணை, வெள்ளத்தின் வேகம் என்றது அரசாங்கம். அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் நடுவர் இல்லை. ஆனால் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தாங்கிய ஒன்று, வடியும்போது ஏன் விழ வேண்டும்? இதுதான் என் மண்டையைக் குடைந்தது.

விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். சுவரைத் தாண்டி விழுகிற தண்ணீர் சும்மா போகாது. விழுந்த இடத்தைத் தோண்டும். கல்தளம் போட்டிருந்தால் அதன் விளிம்பைத் தோண்டும். விளிம்பு போனால் அடியில் இருக்கிற மணலை உருவும். வெள்ளம் நிறைய இருக்கும்போது கீழ்ப்பக்கமும் தண்ணீர் உயர்ந்து நிற்கும், ஒரு மெத்தை மாதிரி. அப்போது மேலே, கீழே வித்தியாசம் குறைவு. தண்ணீர் வடிந்து கீழ்மட்டம் இறங்கும்போது மெத்தை போய்விடுகிறது, வீழ்ச்சி அதிகமாகிறது. உள்ளே ஏற்கெனவே பொந்து விழுந்திருந்தால் அப்போதுதான் சாயும். ஆற்றின் அடிமட்டமே தாழ்ந்துகொண்டு போனால் கேட்கவே வேண்டாம். மேலே அணைகளில் மணல் தங்கிவிடுகிறது, கீழே லாரியில் போய்விடுகிறது. வரவு இல்லை, செலவு மட்டும். எந்தக் கம்பெனி தாங்கும்?

இப்போது பழைய கதவணைக்குக் கீழே ரூ.387 கோடிக்கு மேல் திட்டமிட்டுப் புதுக் கதவணை கட்டிவிட்டார்கள். தெற்குக் கையில் 45, வடக்குக் கையில் 10 மதகுகள். ஆனால் ஆறு தன் வேலையை விடவில்லை. 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில், புதுக் கொள்ளிடம் பாலத்தின் தூண்களை மண்ணரிப்பிலிருந்து காப்பாற்றக் கட்டியிருந்த தடுப்புச் சுவரிலேயே ஒரு பகுதி அடித்துக்கொண்டு போனது. பாதுகாப்புக்குப் போட்ட செக்யூரிட்டியையே திருடன் தூக்கிக்கொண்டு போன கதை!

*

"அணை விழுறது இருக்கட்டும் மாமா. நாங்க குளிக்கப் போறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. சுவரின் காலடியில் கல்லையே பெயர்க்கிற அதே தண்ணீர்தான், நீ போஸ் கொடுக்கப் போகிற நுரை.

காலேஜ் செகண்ட் இயர். நாங்கள் நாலு பேர், ஒரு வாய்க்கால் தலைப்புக்குக் குளிக்கப் போனோம். முக்கொம்பு மாதிரி பிரம்மாண்டமெல்லாம் இல்லை. இரண்டே மதகு. தண்ணீர் விழுகிற உயரம் என்ன, ஒரு நாலு அடி இருக்கும். எங்களில் ஒருத்தன் நீச்சலில் மெடல் வாங்கியவன். 'நல்லா நீச்சல் தெரியும்' கேஸ்.

குதித்தான். முங்கினான். எழுந்தான். சிரித்தான். நாங்கள் கை தட்டினோம். மறுபடி முங்கினான். எழுந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையை வீசி எங்களைப் பார்த்து நீந்துகிறான், ஆனால் சுவர்ப் பக்கமே போகிறான். மறுபடி உள்ளே. வாயைத் திறந்து என்னவோ சொல்கிறான். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பத்தடி தூரம்தான்!

ஒருத்தன் துண்டை வீசினான். எட்டவில்லை. இன்னொருத்தன் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்கத் தயாரானான். நான்? எனக்கு நீச்சல் தெரியாது. மரம் மாதிரி நின்றேன். அந்த நிற்றலை ரொம்ப வருஷம் என்னால் மறக்க முடியவில்லை. 'கோழை' என்று எனக்கு நானே எத்தனையோ ராத்திரி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது மேலே இருந்து ஒரு கத்தல். "டேய்! எவனும் இறங்காதே!"

காக்கி அரை டிராயர், முண்டா பனியன், அறுபதை நெருங்கும் வயசு. மதகு திறந்து மூடும் ஊழியர், லஸ்கர் என்பார்கள். சைக்கிளை அப்படியே கரையில் போட்டுவிட்டு ஓடி வந்தார். தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. நேரே மதகின் மேலே ஏறி, கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். கதவு இறங்க இறங்க, தண்ணீர் விழுவது குறைந்தது. நுரை அடங்கியது. நண்பன் சுவரிலிருந்து பிரிந்து தானாகக் கீழ்ப்பக்கம் மிதந்து வந்தான். இழுத்துப் போட்டோம். வாந்தி எடுத்தான். அழுதான். லஸ்கர் இறங்கி வந்து, முதலில் குதிக்க இருந்தவனைத்தான் பளாரென்று அறைந்தார்.

"ஒருத்தன் போயிருப்பான். உன்னால ரெண்டு பேரு போயிருப்பீங்க!"

அப்புறம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். "நீச்சல் தெரியாதவன் குளத்துல சாவான் தம்பி. நீச்சல் தெரிஞ்சவன் மதகடியில சாவான்."

அதன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சுவரைத் தாண்டி விழுகிற தண்ணீர் அடியில் போய் முட்டி, கொஞ்ச தூரம் தள்ளி மேலே எழும்புகிறது. எழும்பியதில் ஒரு பாதி கீழே ஓடிவிடும். இன்னொரு பாதி மேற்பரப்பிலேயே திரும்பி சுவர்ப் பக்கம் வரும். வந்து, விழுகிற தண்ணீரோடு சேர்ந்து மறுபடி உள்ளே. வாஷிங் மெஷின் மாதிரி. துணி எப்படித் தானாக வெளியே வரும்? நுரையென்பது பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது, கை வீசினாலும் பிடி கிடைக்காது. கரையிலிருந்து பார்த்தால் பயங்கரமாகவும் இருக்காது. அழகாக இருக்கும்!

அமெரிக்காவில் மீட்புப் படையினர் இதற்கு 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1975-ல் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்ட்டன் என்ற ஊர். சஸ்குவஹானா ஆற்றில் பார்க்க சாதாரணமான ஒரு குட்டை அணை. காப்பாற்றப் போன தீயணைப்பு வீரர்களே அதில் சிக்கி உயிரை விட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள், படகோடு போனவர்கள். அதைப் படித்த அன்றைக்குத்தான், அந்தக் கரையில் மரம் மாதிரி நின்ற பையனை நான் மன்னித்தேன்.

அந்த நண்பன் இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறான். வீட்டில் ஷவர் கிடையாது. வாளியில் பிடித்து மொண்டுதான் ஊற்றிக்கொள்கிறான். கேட்டால் "தண்ணி மிச்சம்டா" என்பான். நாங்கள் மேற்கொண்டு கேட்பதில்லை.

*

மச்சினன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான். நான் விடவில்லை. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, அணையோ மதகோ தடுப்பணையோ, தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கீழே இறங்காதே. உயரம் நாலடிதானே என்று அளக்காதே.

இரண்டு, இங்கே வெயில் காய்கிறது என்று நம்பாதே. வெள்ளம் உள்ளூர் மழையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும். கர்நாடகத்தில் பெய்த மழை, உன் பிக்னிக் அன்றைக்கு வந்து சேரும். மதகைத் தூக்கினால், கணுக்காலளவு கழுத்தளவு ஆக ரொம்ப நேரம் வேண்டாம்.

மூன்று, யாராவது மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதே. கயிறு, வேட்டி, காலி கேன், எது கிடைத்தாலும் கரையிலிருந்து வீசு. ஒருத்தன் 112-க்குப் போன் போடட்டும். இன்னொருத்தன் மதகு ஊழியரைத் தேடி ஓடட்டும். கதவை இறக்கினால் அந்த வாஷிங் மெஷினுக்கு கரண்ட் கட்!

"அப்ப முக்கொம்புக்கே போகக் கூடாதா?" என்றான் பாவமாக.

யார் சொன்னது? அடுத்த ஞாயிறு நானே கூட்டிக்கொண்டு போனேன். மரநிழல், காற்று, பொரித்த மீன். பாலத்தின் மேலே நின்று கீழே காட்டினேன். யாரோ மேலே ஆற்றில் விட்ட தேங்காய் ஒன்று, மாலையோடு நுரைக்குள் வந்து விழுந்தது. முங்கியது. கொஞ்சம் தள்ளி எழுந்தது. 'போய்விடும்' என்று பார்த்தால், மெதுவாகத் திரும்பிச் சுவர்ப் பக்கம் வந்தது. மறுபடி முங்கியது. எழுந்தது. திரும்பியது.

மச்சினன் வாட்சைப் பார்த்தான். ஆறு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, பேச்சே இல்லாமல் பார்த்தார்கள். பதினொரு நிமிஷம். மாலை அறுந்து தனியாகப் போய்விட்டது. தேங்காய் போகவில்லை.

அவன் வீடியோ எடுக்கத்தான் செய்தான். அந்தத் தேங்காயை. பாட்டு சேர்க்கவில்லை. "நமக்கு நீச்சல் தெரியும்னு நினைக்கிற எல்லாருக்கும்" என்று ஒரு வரி மட்டும் போட்டு அனுப்பினான்.

நாற்பத்தியோரு லைக்தான் வந்ததாம். அதில் ஒன்று, ஷவர் இல்லாத வீட்டிலிருந்து.